ஓ.எம்.ஆர். அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு நீச்சல் குளம் உண்டா, இல்லையா?

நீங்கள் கேட்டதை என் பாணியில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூர் பக்கம் அறுநூறு வீடுகளுக்கு மேல் உள்ள குடியிருப்பில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறீர்கள். வாடகைக்கு மேல் மாதம் 4,500 ரூபாய் மெயின்டெனன்ஸ், அதையும் ஓனர் கணக்கிலேயே போடுகிறீர்கள். குடியிருப்புச் சங்கத்துக்குப் புதுக் கமிட்டி வந்ததும் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: வாடகைக்கு இருப்பவர்கள் நீச்சல் குளத்துக்கும் ஜிம்முக்கும் வருடத்துக்கு 6,000 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும், பார்ட்டி ஹாலுக்கு இரண்டு மடங்கு கட்டணம். போதாததற்கு உங்கள் ஓனர், அந்தச் சங்கத்துக்கு மூன்று மாதப் பாக்கி வைத்திருக்கிறாராம், கட்டாவிட்டால் தண்ணீர் வால்வை மூடுவோம் என்று செக்யூரிட்டியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். காலி செய்தால் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பேன் என்று ஓனர் வேறு சொல்கிறார். "பணம் கட்டுவது நாங்கள், அனுபவிப்பது அவர்கள் மட்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

நீச்சல் குளத்தைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியில் இருப்பது வேறு: யாரிடம் போய் இதைக் கேட்பது? கமிட்டியைக் கேட்டால் ஓனரைக் கேள் என்கிறார்கள், ஓனரைக் கேட்டால் அசோசியேஷன் ரூல் என்கிறார். அந்த முடிச்சை அவிழ்த்தால் மற்றதெல்லாம் ஓரளவு தானாகவே வரிசைக்கு வந்துவிடும்.

நான் வக்கீல் இல்லை. ஓ.எம்.ஆரிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் பெரிய குடியிருப்புகளில் எஸ்டேட் மேனேஜராகப் பல வருடம் வேலை பார்த்தவன். இதே மாதிரி நோட்டீஸ்களைக் கமிட்டி சொல்ல டைப் அடித்து ஒட்டியவனும் நான்தான். அதனால் இரண்டு பக்க நியாயமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் அடிப்படை. உங்களுக்கும் சங்கத்துக்கும் நடுவே ஒப்பந்தம் எதுவும் கிடையாது. சங்கத்தில் உறுப்பினர் ஓனர். பொதுப் பகுதியில் பங்கு இருப்பதும் அவருக்கு. ஏ.ஜி.எம். என்கிற வருடாந்தரப் பொதுக்குழுவில் ஓட்டுப் போடுவதும் அவர். உங்களுக்குக் கிடைப்பது எல்லாமே அவர் வழியாக வருவதுதான். இதைக் கேட்டதும் 'அப்போ நமக்கு ஒன்றுமில்லையா' என்று தோன்றும். அப்படியில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தைப் பார்த்தால், வேறு விதமாகச் சொல்லாத பட்சத்தில், ஒரு சொத்தைக் கைமாற்றும்போது அதோடு ஒட்டிய உரிமைகளும் சேர்ந்தே கைமாறும். வாடகைக்கு விடுவதும் குறிப்பிட்ட காலத்துக்கு அனுபவிக்கும் உரிமையைக் கைமாற்றுவதுதான். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பொதுப் பகுதிகளின் பட்டியலில் மாடிப்படி, லிஃப்ட், தொட்டி, மோட்டார், பூங்காவோடு, அந்தத் திட்டத்தில் கட்டித்தரப்பட்ட சமூக வசதிகளையும் சேர்த்திருக்கிறது. கிளப் ஹவுஸும் குளமும் அதில் அடங்கும். ஆக, உங்கள் ஓனருக்கு அங்கே உரிமை உண்டு என்பதில் சந்தேகமில்லை. அவர் குடியிருக்காமல் உங்களைக் குடிவைத்திருக்கும்போது அந்த அனுபவம் உங்களுக்கு வருகிறது என்று வாதிடவும் நல்ல அடித்தளம் இருக்கிறது. ஆனால் இது 'வாதிடலாம்' என்ற அளவில்தான் நிற்கிறது. தண்ணீர் விஷயத்தில் இருக்கும் உறுதி இதில் இல்லை.

தண்ணீருக்கு வருவோம். அவசரமும் அதில்தான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின் (2017ஆம் ஆண்டு இயற்றியது) 20ஆம் பிரிவு, வாடகைக்கு இருப்பவருடைய அத்தியாவசிய வசதிகளை ஓனர் தானாகவோ வேறு யார் மூலமாகவோ நிறுத்தக் கூடாது என்கிறது. தண்ணீர், மின்சாரம், நடைபாதை விளக்கு, லிஃப்ட், துப்புரவு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். நிறுத்தினால், இந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், உடனே திருப்பித் தரும்படி இடைக்கால ஆணை போடவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. இதில் ஒரு ஓட்டையும் உண்டு. அந்தப் பிரிவு பேசுவது ஓனரையும் வாடகைக்காரரையும் பற்றி, சங்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 'நாங்கள் ஓனரும் இல்லை, ஓனர் சொல்லிச் செய்யவும் இல்லை' என்று சங்கம் ஒதுங்கப் பார்க்கலாம். அதனால்தான் நீங்கள் முதலில் எழுத்தில் பிடிக்க வேண்டியது ஓனரை. 'நான் மாதாமாதம் மெயின்டெனன்ஸ் தொகையை உங்கள் கணக்கில் செலுத்தியிருக்கிறேன், நீங்கள் சங்கத்துக்குக் கட்டாததால் என் தண்ணீர் நின்றால் அதற்கு நீங்களே பொறுப்பு' என்று ஒரு மெயில் அனுப்பி, வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் இணையுங்கள். நகலைச் சங்கத்துக்கும் போடுங்கள். வால்வை மூடும் யோசனை அந்த நகல் போய்ச் சேர்ந்ததுமே கைவிடப்படுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வாய்வார்த்தையாகச் செக்யூரிட்டியிடம் சொல்லி அனுப்புவதற்கே காரணம், எழுத்தில் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிவதுதான். அந்தச் செக்யூரிட்டியோடு சண்டை போடாதீர்கள், பாவம், பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்க்கிறவர்.

பாக்கிக்காகச் சங்கம் என்ன செய்யலாம் என்பதையும் பார்த்துவிடுவோம். ஓனர் மேல் வசூல் நடவடிக்கை எடுக்கலாம். சங்கத்தின் விதித்தொகுப்பான பைலாவில் இருந்தால் வட்டி போடலாம். கிளப் ஹவுஸ், பார்ட்டி ஹால் முன்பதிவு போன்றவற்றை நிறுத்தி வைப்பதும் பல இடங்களில் பைலாவிலேயே எழுதியிருக்கும். அத்தியாவசியம் வேறு, வசதி வேறு என்ற கோடு இங்கேதான் விழுகிறது.

சரி, அந்த 4,500 ரூபாய் எங்கே போகிறது என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வாதத்தின் பலமே அதில்தான் இருக்கிறது. நீச்சல் குளத்தால்தான் மெயின்டெனன்ஸ் இவ்வளவு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஓ.எம்.ஆரில் பெரும் பணம் தண்ணீருக்குப் போகிறது. போர்வெல் தண்ணீர் உப்பு, கோடையில் அதுவும் இறங்கிவிடும், அப்புறம் லாரிதான். மே மாதம் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் கேட்டில் நான்கைந்து லாரி வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஏறி மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, உப்பளவு காட்டும் டி.டி.எஸ். மீட்டரை முக்கி அளவைக் குறித்து, வண்டி நம்பரோடு நோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், குழாயை இறக்க விடுவோம். ஒரு நாள் அந்த நோட்டு எழுதாமல் விட்டால் மாதக் கடைசியில் பில்லில் இரண்டு லோடு கூடியிருக்கும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று தண்ணீர் விட்டோம். அந்த நேரத்தில் ஓனர் வீடு, வாடகை வீடு என்று யாரும் பிரித்துப் பேசவில்லை. குளம் காலியாகக் கிடந்தது.

தண்ணீருக்கு அடுத்து செக்யூரிட்டி, ஹவுஸ் கீப்பிங் ஆட்களின் சம்பளம். அதற்கு அடுத்து மின்சாரம். 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது, லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்கான இணைப்புகளைத் தனிப் பிரிவாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு அது ஏறித்தான் இருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதும் புளோயர் ராத்திரி பகலாக ஓட வேண்டும், நிறுத்தினால் மறுநாளே ஜிம் வரைக்கும் நாறும். லிஃப்ட்டுக்கு ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்), ஜெனரேட்டருக்கு டீசல். இவற்றோடு ஒப்பிட்டால் குளத்துக்கான செலவு சின்னது: ஃபில்டர் மோட்டார், குளோரின், ஒரு லைஃப் கார்டு. அறுநூறு வீட்டுக்குப் பங்கு போட்டால் ஒரு வீட்டுக்கு வருவது சொற்பம், அந்தச் சொற்பமும் ஏற்கெனவே மெயின்டெனன்ஸில் அடங்கியிருக்கிறது. உங்கள் வீட்டுக்கான 4,500 ரூபாயில் குளத்தின் பங்கும் போகிறது என்றால், இன்னொரு 6,000 எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. சங்கத்தின் வருடாந்தர வரவு செலவுக் கணக்கை ஓனர் மூலம் வாங்கிப் பாருங்கள். குளத்துக்கும் ஜிம்முக்கும் பொதுக் கணக்கிலிருந்து செலவு எழுதியிருந்தால் உங்கள் வாதம் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

கமிட்டியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைத்தால் உங்களுக்கு நான் உதவி செய்ததாக ஆகாது. வீடு வாங்கும்போது ஓனர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று கார்ப்பஸ் ஃபண்ட், அதாவது பெரிய செலவுகளுக்கான இருப்பு நிதி, கட்டியிருக்கிறார்கள். குளத்தின் டைல்ஸ் பெயர்ந்தால், டிரெட்மில் மாற்ற வேண்டியிருந்தால் அதில்தான் கை வைப்பார்கள். 'முதலீடு எங்களுடையது' என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. அப்புறம் நடைமுறைத் தொல்லை. ஒரே வீட்டில் ஆறேழு பேர் பங்கு போட்டு இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் பட்டாளம் குளத்தில் இறங்கும். காட்டன் டீ ஷர்ட்டோடு இறங்கினால் நூலும் சாயமும் போய் ஃபில்டரை அடைக்கும், அதனால்தான் நைலான் உடை கட்டாயம் என்று போர்டு வைக்கிறார்கள். இதைச் சொல்லப்போனால் சண்டை. ஆனால் இந்தத் தொல்லைகளை ஓனர் வீட்டுப் பிள்ளைகளும் செய்வார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். விருந்தாளி எண்ணிக்கைக்கு வரம்பு, உடை விதி, நேர விதி, மீறினால் அபராதம் என்று எல்லாருக்கும் ஒன்றாகப் போட்டால் தீரும் பிரச்சினை. அதை விட்டு ஒரு பிரிவினரை மட்டும் தனிக் கட்டணத்தால் தள்ளி வைப்பது எனக்கு அப்போதும் சரியாகப் படவில்லை, இப்போதும் படவில்லை.

நான் கைக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: அன்றாடம் ஓடும் செலவு குடியிருப்பவருடையது, முதலீட்டுச் செலவு ஓனருடையது. இதை வைத்துப் பார்த்தால் பாதிச் சச்சரவு அடங்கிவிடும். வெளிப்புறப் பெயின்டிங்குக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று சிறப்பு வசூல் வந்தால் அது ஓனர் பொறுப்பு, அந்தத் தாளை உங்கள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனாலும் சரி. புது லிஃப்ட், புது ஜெனரேட்டர், வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் வைக்கும் செலவு எல்லாம் அப்படித்தான். அந்த மீட்டரில் ஓடும் தண்ணீருக்கான பில் உங்களுடையது. குடிவரும்போதும் காலி செய்யும்போதும் வாங்கும் 'ஷிஃப்டிங் சார்ஜ்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இரும்புக் கட்டிலை லிஃப்ட்டில் ஏற்றுகிறவர்கள் உள்ளே பிளைவுட் மாட்ட விடாமல் அவசரப்படுவார்கள், ஸ்டீல் தகட்டில் ஒரு கோடு விழுந்தால் அது அப்படியே கிடக்கும். அதற்காகத் திருப்பித் தரும் டெபாசிட் வாங்குவது நியாயம். திரும்பி வராத தொகை என்றால் பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலையும் ரசீதையும் கேளுங்கள். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பார்ட்டி ஹால் இரட்டைக் கட்டணத்தை உடைக்கச் சட்டத்தில் நேரடி வழி இருப்பதாக எனக்குத் தெரிந்து இல்லை. பயன்படுத்தும்போது மட்டும் வாங்கும் கட்டணத்தை நிர்ணயிக்கப் பொதுக்குழுவுக்கு இடம் உண்டு. இதற்காக சிவில் கோர்ட்டுக்குப் போவது பிறந்தநாள் விழாவுக்குக் கல்யாணச் செலவு செய்வது மாதிரி. எளிய வழி, ஓனர் பெயரில் அவருடைய மெயிலிலிருந்தே புக் செய்யச் சொல்வது. பெரும்பாலான இடங்களில் இதற்குத் தடை சொல்வதில்லை, ஹாலில் சேதம் வந்தால் பொறுப்பு ஓனர் மேல் போகும் என்பதுதான் கமிட்டிக்கு வேண்டும்.

நோட்டீஸையே மாற்ற முடியுமா என்றால், முடியும், ஆனால் பெரும்பாலும் சட்டத்தால் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு குடியிருப்பில் இதே மாதிரிக் கட்டணம் கொண்டுவந்தார்கள். வாடகைக்கு இருந்தவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கொதித்தார்கள், யாரும் சட்டை செய்யவில்லை. அவர்களில் சிலர் சாமர்த்தியமாக ஆளுக்கு ஒரு மெயில் தங்கள் ஓனருக்கு எழுதினார்கள்: 'விளம்பரத்தில் குளம், ஜிம் உண்டு என்று பார்த்துத்தான் இந்த வாடகைக்கு வந்தோம், அது இல்லையென்றால் வாடகையைக் குறையுங்கள், அல்லது ஒப்பந்தம் முடிந்ததும் பக்கத்துக் குடியிருப்புக்குப் போகிறோம்.' சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்த ஓனர்கள் விழித்துக்கொண்டார்கள். அங்கே குடியிருக்காத ஓனர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அவர்களுக்கு வீடு ஒரு மாதம் காலியாகக் கிடப்பது பெரிய நஷ்டம். அடுத்த ஏ.ஜி.எம்.மில் பிராக்ஸி ஓட்டுகளோடு (வர முடியாதவர் இன்னொருவர் மூலம் போடும் ஓட்டு) வந்து கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கமிட்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கேயே குடியிருக்கும் ஓனர்கள், வாடகைக்கு விட்டவர்களின் குரல் அவர்கள் காதில் தானாக விழாது. அதை விழவைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் பிராக்ஸி உண்டா என்பது பைலாவைப் பார்த்தால் தெரியும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது.

பெயின்டிங் விஷயம். இது சங்கத்துக்குச் சம்பந்தமில்லாதது, உங்களுக்கும் ஓனருக்கும் நடுவில் உள்ளது. அதே வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பழுது வேலைகளை இரண்டாகப் பிரித்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், ஸ்விட்ச், கீசர், சிங்க் அடைப்பு, உடைந்த கண்ணாடி எல்லாம் உங்கள் தலையில். சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, திருப்பித் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் சென்னையில் 'ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு' என்பது ஊறிப்போன வழக்கம், பல ஒப்பந்தங்களில் அச்சடித்த வரியாகவே வந்துவிடும். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் கை தாழ்ந்துதான் இருக்கும். போடவில்லையென்றால் தைரியமாக மறுக்கலாம். அட்வான்ஸ் அளவும் அப்படித்தான்: மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தம் வேறு மாதிரி இருந்தால் தவிர என்று சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எப்படியானாலும் குடிவந்த அன்றைக்குச் சுவர், தரை, பாத்ரூம் எல்லாம் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது நல்லது. எடுக்கவில்லையென்றால் இப்போதாவது எடுத்து அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்கிறீர்களா என்பது உங்கள் கேள்வியில் இல்லை. அரசின் இணையதளம் வழியாகப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும் என்பதுதான் சட்டம். பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் எழுதி பீரோவில் வைத்திருப்பதே இங்கே பழக்கம். தண்ணீர் விஷயமாக மனுக் கொடுக்கப் போனால் அங்கே முதல் கேள்வியே அந்தப் பதிவு எண்தான். இல்லையென்றால் இப்போதே ஓனரிடம் பேச்செடுங்கள்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, 'குடியிருப்பின் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கிளப் ஹவுஸ், ஒரு கார் நிறுத்துமிடம் ஆகியவற்றை உரிமையாளருக்குரிய அதே விதிகளின்படி வாடகைதாரர் பயன்படுத்தலாம். இதற்கெனச் சங்கம் கூடுதல் கட்டணம் விதித்தால் அது உரிமையாளரின் பொறுப்பு.' இன்னொன்று, 'மாதாந்தரப் பராமரிப்புத் தொகையை வாடகைதாரர் நேரடியாகச் சங்கத்துக்குச் செலுத்தி ரசீது பெறுவார்.' இரண்டாவது வரி இருந்திருந்தால் இப்போது வால்வுப் பேச்சே வந்திருக்காது. பல சங்கங்கள் அந்த வீட்டின் பெயரில் யார் கட்டினாலும் ரசீது கொடுத்துவிடுகின்றன, ஓனரிடமிருந்து ஒரு சம்மத மெயில் போதும்.

உங்கள் ஒப்பந்தத்தில் மெயின்டெனன்ஸ் பற்றிய பத்தியையும், கமிட்டி ஒட்டிய நோட்டீஸையும், பெயர்களையும் வீட்டு எண்ணையும் மறைத்துவிட்டுப் போட்டால், எந்த வரியைப் பிடித்துக் கேட்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்கு முன்பு தண்ணீர் பற்றிய அந்த மெயிலை இன்று ராத்திரியே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.